கோடிக்கரை மானுக்கு 8×42 பைனாகுலர் போதும்

கோடிக்கரைக்கு மான் பார்க்கப் போவதற்காகப் பைனாகுலர் வாங்குகிறீர்கள் என்றால் 8×42 வாங்குங்கள், கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் 20×50 பக்கம் போகாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் வில் பழகுகிறவன். அமெரிக்காவில் என் வயதுப் பையன்கள் முதல்முறையாகத் தனியாக மான் வேட்டைக்குப் போகும் வீடியோக்களை நிறையப் பார்த்திருக்கிறேன், விடியுமுன்னே மரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டு, மான் இருபது முப்பது கஜத்துக்குள் வரும்வரை ஆடாமல் அசையாமல் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அம்பு விடுவது பிடிக்காது. நம் நாட்டில் அதற்கு வழியும் கிடையாது: கோடிக்கரையில் நாம் பார்க்கப் போகிற வெளிமான், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. சட்டமே இல்லாவிட்டாலும் நான் எய்ய மாட்டேன். 2018 கஜா புயலில் இந்த மான்கள் செத்துக் கிடந்த செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் வில்லை வீட்டிலேயே வைத்துவிட்டு, திருத்துறைப்பூண்டியிலிருந்து பைக்கில், கழுத்தில் பைனாகுலரோடு, முதல்முறையாக யாரையும் கூட்டிக்கொள்ளாமல் போனேன்.

சரி, எண்களுக்கு வருவோம். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. உங்கள் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் அதுதான். 20×50க்கு அதே கணக்கைப் போட்டால் 2.5தான் வரும். உச்சி வெயிலில் இந்த வித்தியாசம் தெரியாது, விடியற்காலையில் நன்றாகவே தெரியும், மான் மேய வருவதும் அந்த நேரத்தில்தான். அப்புறம் கை நடுக்கம். 20 மடங்கு பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி உங்கள் கை ஆடுவதையும் 20 மடங்காக்கிக் காட்டும். நாணை இழுத்து மூச்சை நிறுத்திப் பிடித்துப் பழகிய கை என்னுடையது, அப்படியும் கடை வாசலில் நின்று 20×50இல் பார்த்தபோது எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை நிலையாகப் படிக்க முடியவில்லை. 8×42இல் ஒரு ஆட்டமும் இல்லை.

கோடிக்கரையில் வெளிமான் இருக்கும் இடம் காடு இல்லை, கடலோரப் புல்வெளி. ஒளிந்துகொள்ள ஒரு மரம் கிடையாது. வெளிமான் மோப்பத்தைவிடக் கண்ணைத்தான் நம்பும், நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது உங்களைப் பார்த்திருக்கும், கிட்டே போக நினைத்தால் மொத்தக் கூட்டமும் துள்ளிக்கொண்டு ஓடிவிடும். ஆகவே அனுமதித்த பாதையை விட்டு இறங்காமல், ஒரே இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக மட்டும் கிட்டே போக வேண்டும். அங்கிருந்த வனக் காவலர் அண்ணன் ஒருவர், “தம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள பாத்துருங்க, அப்புறம் கானல்ல ஒண்ணும் தெரியாது” என்றார். முற்றிலும் உண்மை. தரை சூடேறிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியிலும் மான் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி நெளியும்.

ஆனால் அதற்கு முன்னால் பார்த்தேன் பாருங்கள்! ஒரு கலைமான், அதாவது ஆண் வெளிமான், முதுகு கரும்பழுப்பு, வயிறு சுத்த வெள்ளை, கண்ணைச் சுற்றி யாரோ சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை வளையம். கொம்பின் முறுக்கில் கணுக்கணுவாக ஓடும் வரிகள் தனித்தனியாகத் தெரிந்தன. மூக்கை மேலே தூக்கி, கொம்பு முதுகில் படுகிற அளவுக்குத் தலையைப் பின்னால் சாய்த்து, காதைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெண் மானைச் சுற்றி மெதுவாக நடந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு பள்ளம் மாதிரி இருக்கிறதே, வாசனைச் சுரப்பி, அது விரிந்திருந்ததுகூடத் தெரிந்தது. வெறும் கண்ணுக்கு அந்தத் தூரத்தில் அது ஒரு கறுப்புப் புள்ளி. என்னுடைய கண்ணாடி ஆயிரம் மீட்டர் தூரத்தில் சுமார் 140 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது, அதனால் கலைமானைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் தலை தூக்கிய இன்னொரு ஆண் மானையும் பிடிக்க முடிந்தது. 20 மடங்கில் இது நடக்காது, ஒரு மானின் கழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அது நகர்ந்துவிடும். திரும்பும் வழியில் மர நிழலில் நின்ற புள்ளிமான்களையும் பார்த்தேன், அந்த இருட்டிலும் புள்ளிகள் பளிச்சென்று இருந்தன.

குறைகளும் உண்டு. எடை முக்கால் கிலோ, கூடவே கொடுத்த பட்டை ஒல்லி நூல், ஒரு மணி நேரத்தில் கழுத்தை அறுக்கிறது, அகலமான பட்டை தனியாக வாங்கிவிடுங்கள். லென்ஸ் மூடிகள் தொட்டாலே கழன்று விழுகின்றன. நான் கொடுத்த ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு நீர் புகாத வகை கிடைக்கவில்லை, ஐப்பசி கார்த்திகையில் போகிறவர்கள் கொஞ்சம் கூடப் போட்டு, உள்ளே ஆவி படியாமல் இருக்க நைட்ரஜன் அடைத்த நீர் புகாத வகையை வாங்குவது நல்லது. உப்புக் காற்று லென்ஸில் மெல்லிசாகப் படியும், வீட்டுக்கு வந்ததும் சட்டைத் துணியால் அழுத்தித் துடைக்காமல், முதலில் தூசியை ஊதிவிட்டு மெல்லிய துணியால் துடையுங்கள்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் அதைப் போட்டுக்கொண்டே பார்த்துவிடுங்கள். சில மாடல்களில் கண்ணை லென்ஸுக்கு ரொம்ப நெருக்கமாக வைத்தால்தான் முழு வட்டமும் தெரியும், அவர்களுக்கு ஓரமெல்லாம் கறுப்பாகிவிடும். மற்றபடி இந்த விலைக்கு நான் தாராளமாக 5க்கு 4 கொடுப்பேன்.