ஆய்வு மாணவரின் புத்தாண்டு: முடிவைக் குறிப்பதா, நேரத்தைக் குறிப்பதா?

சென்ற ஜனவரி முதல் தேதி குறிப்பேட்டில் எழுதிய பக்கத்தை இந்த ஜனவரியில் எடுத்துப் பார்த்தேன். "மூன்றாம் இயல், மார்ச்சுக்குள்" என்று எழுதியிருந்தது. மார்ச்சை அடித்து மேலே ஜூன். ஜூனை அடித்துப் பக்க ஓரத்தில் செப்டம்பர். அதற்குமேல் எழுத இடமில்லை. அடுத்த பக்கத்தைக் காட்டும் ஓர் அம்புக்குறி மட்டும் போட்டிருக்கிறேன். அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது.

அதே குறிப்பேட்டின் பின்னட்டையில் ஒரு நாட்காட்டி ஒட்டியிருக்கிறது. ஜூலையில் மனம் வெறுத்துப்போய், தேதியெல்லாம் வேண்டாம், தினமும் ஒரு மணி நேரம் எழுதினால் போதும் என்று முடிவெடுத்து ஒட்டியது அது. செப்டம்பர் கடைசி வரை பச்சை மையில் 61 சரிக்குறிகள். ஆக, முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இரண்டு முறைகளையும் முயன்று பார்த்தாகிவிட்டது. இரண்டும் தோற்றன. ஆனால் தோற்ற விதம் வேறு வேறு. அதை அலசத்தான் இந்தக் கட்டுரை.

முடிவு இலக்கு: "இதை, இந்தத் தேதிக்குள்"

இதன் பெரிய பலம், இது யாருக்கும் புரியும். நெறியாளருக்குப் புரியும், உதவித்தொகை அறிக்கையில் எழுதலாம், வீட்டில் கேட்டாலும் சொல்லலாம். முடிந்ததா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது.

சிக்கல் இரண்டு. முதலாவது, தேதியைக் கணிக்கும் திறமை நம்மிடம் இல்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும் என்பதை மனிதர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். 1994இல் ரோஜர் ப்யூலரும் உடன் ஆய்வாளர்களும் அதை ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடமே சோதித்தார்கள். மாணவர்கள் சொன்ன சராசரிக் கணிப்பு 33.9 நாள், ஆனது 55.5 நாள். "எல்லாமே மோசமாகப் போனால்?" என்று கேட்டபோது அவர்கள் சொன்ன சராசரி 48.6. எல்லாம் மோசமாகப் போகும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கைக்கூட உண்மை தாண்டிப் போயிருக்கிறது. அம்புக்குறி போட்டவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று அதைப் படித்த அன்றைக்குத்தான் ஆறுதல் அடைந்தேன்.

இரண்டாவது சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. "இரண்டு கட்டுரைகள் வெளியிடுவேன்" என்று எழுதுகிறோம். வெளியிடுவது நாம் இல்லை. ஆய்விதழின் மதிப்பீட்டாளர் மாதக்கணக்கில் கையெழுத்துப்படியை வைத்திருப்பார். இரண்டாம் மதிப்பீட்டாளர் வேறொரு கட்டுரையை எழுதச் சொல்வார். "இரண்டு கட்டுரைகள் அனுப்புவேன்" என்று மாற்றினால் இலக்கு நம் கைக்கு வந்துவிடுகிறது. இந்த ஒரு சொல் மாற்றத்தை முதலாண்டிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் இரண்டு டிசம்பர்கள் நிம்மதியாகக் கழிந்திருக்கும்.

பழக்க இலக்கு: "தினமும், இவ்வளவு நேரம்"

கையில் இருப்பது எது என்று பார்த்தால் பழக்கம்தான் ஜெயிக்கிறது. காய்ச்சலில் படுத்த வாரத்திலும் அதன் நிலை மோசமில்லை. லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்து நடத்தி 2010இல் அச்சான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற வழக்கமான பேச்சை இதோடு மூட்டை கட்டலாம். அதே ஆய்வில் எனக்குப் பிடித்த செய்தி வேறு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை. முடிவு இலக்கில் மார்ச் தவறினால் மார்ச் தவறியதுதான். பழக்கத்தில் செவ்வாய் தவறினால் புதன் இருக்கிறது.

பிறகு ஏன் தோற்றேன்? செப்டம்பர் சந்திப்பில் நெறியாளர் கேட்டார்:

"இந்த மூன்று மாதம் எப்படிப் போயிற்று?"

"தினமும் எழுதினேன், மேடம். அநேகமாகத் தினமும்."

"நல்லது. எதை எழுதினீர்கள்?"

அறைக்குத் திரும்பி ஜூலை மாதக் கோப்பையும் செப்டம்பர் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன். அடிக்குறிப்புகள் அழகாக இருந்தன. நூற்பட்டியலில் ஒரு காற்புள்ளி பிசகவில்லை. அட்டவணைகளின் கோடுகள் எல்லாம் ஒரே தடிமனில் இருந்தன. இயலின் மையமான வாதம் இருக்க வேண்டிய இடத்தில் ஜூலையில் போட்ட அதே அடைப்புக்குறி: "இங்கே விளக்க வேண்டும்". 61 மணி நேரம் அந்த அடைப்புக்குறியைச் சுற்றி வந்திருக்கிறேன். நேரத்தைக் கணக்கிட்டால் நேரம்தான் கிடைக்கும். கடினமான பத்தியைத் தொடாமலே சரிக்குறி போட முடியும் என்பது இந்த முறையின் ஓட்டை.

ஒற்றைச் சொல்லும் ஒன்றுமே இல்லாததும்

ஆண்டு முழுவதற்கும் "கவனம்", "நிதானம்" என்று ஒரு சொல்லை எடுத்துக்கொள்வது இப்போது பலருக்கும் பிடித்திருக்கிறது. டிசம்பரில் எதைச் செய்திருந்தாலும் அந்தச் சொல்லுக்குள் அடக்கிவிடலாம் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கருத்தரங்க ஏற்பாட்டுக் குழுவில் சேர அழைக்கும்போது மறுக்க மட்டும் உதவுகிறது.

தீர்மானமே வேண்டாம் என்போரும் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கு. ஜான் நார்கிராஸ் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தவர்களில் 46 சதவீதத்தினர் ஆறு மாதம் கழித்தும் வெற்றி பெற்றிருப்பதாகச் சொன்னார்கள். மாற வேண்டும் என்ற விருப்பம் இருந்தும் தீர்மானம் எடுக்காதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 4 சதவீதத்தினர். அவரவர் வாயால் தொலைபேசியில் சொன்னது என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கழித்தாலும் இடைவெளி பெரிது.

இரண்டுக்கும் நடுவில்

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் சொல்லும் "இது நேர்ந்தால் இதைச் செய்வேன்" வகைத் திட்டம் எனக்கு இரண்டின் ஓட்டையையும் அடைப்பதாகப் படுகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும் என்று மாணவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர். எனக்கு இதன் பொருள்: "காலையில் கோப்பைத் திறந்ததும், அடைப்புக்குறி இருக்கும் இடத்துக்குப் போய் ஒரு பத்தி எழுதுவேன். நூற்பட்டியல் மதிய உணவுக்குப் பிறகு." நேரமும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது.

ஆய்வுக்கு வெளியே உள்ளவற்றுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. தூக்கம், நடை, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவது ஆகியவற்றுக்குப் பழக்கம்தான் சரி. "இந்த ஆண்டுக்குள் அம்மாவிடம் பேசி முடிப்பேன்" என்று யாராவது இலக்கு வைப்பார்களா? ஞாயிறு மாலை பேசுகிறேன், அவ்வளவுதான்.

ஜனவரியே வேண்டும் என்பதும் இல்லை. ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014இல் காட்டியபடி வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பருவத் தொடக்கம் எல்லாமே மனிதர்களை உடற்பயிற்சிக் கூடத்துக்கு அனுப்புகின்றன. தவறவிட்ட ஆய்வு மாணவருக்குப் பிப்ரவரியின் முதல் திங்கள் போதும்.

இந்த ஆண்டுப் பக்கத்தில் இரண்டே வரிகள் எழுதியிருக்கிறேன். ஒன்று மேலே சொன்ன காலைப் பத்தி. மற்றொன்று மூன்றாம் இயலை நெறியாளரிடம் கொடுக்கும் நாள். 40 நாள் ஆகும் என்று மனம் சொன்னது. ப்யூலரின் மாணவர்கள் தவறிய அதே விகிதத்தால் பெருக்கினேன், ஏறத்தாழ 65 நாள் வந்தது. ஜனவரி 5இலிருந்து எண்ணினால் மார்ச் இரண்டாம் வாரம். மறுபடியும் மார்ச். இந்த முறை பென்சிலால் எழுதியிருக்கிறேன்.