பியாஃப் வாய் திறக்கிறார், குரல் வரவில்லை

பாடகியைப் பற்றிய படம்தானே, பாட்டுகளே இத்தனை இருக்கும்போது தனியாகப் பின்னணி இசை எதற்கு? இப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது 'லா வி ஆன் ரோஸ்' (2007) படத்தில் வரும் ஒரு காட்சியைத்தான்.

பிரெஞ்சுப் பாடகி எதித் பியாஃப் தெருவிலும் மதுக்கூடங்களிலும் பாடி வளர்ந்தவர். ரேமோன் அஸ்ஸோ என்ற பாடலாசிரியர் அவரை விரட்டி விரட்டிப் பழக்குகிறார். சொல்லை விழுங்காமல் பாட வேண்டும், கைகளும் பேச வேண்டும் என்று ஒரே கெடுபிடி. அப்புறம் பாரிஸின் ஏபிசி அரங்கில் முதல் பெரிய மேடை. பயத்தில் நடுங்கிக்கொண்டே பியாஃப் வெளிச்சத்துக்கு வருகிறார், வாயைத் திறக்கிறார். நமக்குக் குரல் கேட்பதில்லை! கிறிஸ்டபர் கன்னிங்கின் வாத்திய இசை மட்டும்தான் ஓடுகிறது. கறுப்பு உடைக்கு மேலே வெளுத்த கைகள் எழுகின்றன, விரல்கள் விரிகின்றன. கூட்டத்தின் முகங்கள் மாறுகின்றன. என்ன பாட்டு என்பதே தெரியாமல், அது அரங்கை என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்க்கிறோம்.

பாட்டையே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாம் பாட்டை ரசித்திருப்போம், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குள் பயம் கரைவதைக் கவனித்திருக்க மாட்டோம். பாடகியிடமிருந்து குரலையே பிடுங்கிக்கொள்ள இயக்குநர் ஒலிவியே தஹானுக்குத் துணிச்சல் வந்ததே, அந்த இடத்தைத் தாங்க இசை இருந்ததால்தான்.

நம் 'சிந்து பைரவி'யோடு (1985) ஒப்பிட்டால் கன்னிங்கின் சிக்கல் புரியும். அங்கே கதாநாயகனான பாடகர் ஜேகேபிக்குக் குரல் யேசுதாஸ். பாட்டுக்கு இசை, பின்னணி இரண்டுமே இளையராஜா. எங்கே பாட்டு முடியலாம், எங்கே பின்னணி தொடங்கலாம் என்பதெல்லாம் ஒரே மனிதரின் கையில். கன்னிங்குக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. பாட்டுகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உலகம் முழுக்கப் பரவியவை. பெரும்பாலான இடங்களில் கேட்பது பியாஃபின் பழைய ஒலிப்பதிவு. சில இடங்களுக்கு ஜில் ஏக்ரோ என்பவர் பாடியிருக்கிறார். வாயசைப்பு, பியாஃபாக நடிக்கும் மரியோன் கொத்தியார். இவ்வளவுக்கும் நடுவே கன்னிங் தன் இசையை நுழைக்க வேண்டும், அது பியாஃப் பாட்டின் நகல் போலவும் இருக்கக் கூடாது. இசைக்கு பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருது சும்மா கிடைக்கவில்லை.

இசை ஒதுங்க வேண்டிய இடங்களும் உண்டு. சிறுமி எதித்தின் அப்பா தெருவில் உடலை வளைத்து வித்தை காட்டுகிறார். கூட்டத்துக்கு அது போதவில்லை, இந்தப் பெண் என்ன செய்யும் என்று கேட்கிறார்கள். அவள் பிரான்ஸின் தேசிய கீதத்தைப் பாடுகிறாள். பக்கவாத்தியம் ஏதுமில்லாத சின்னக் குரல். அங்கே ஒரு வயலினை இழைத்திருந்தாலும் கெட்டிருக்கும்.

பியாஃபின் காதலரான குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான் 1949இல் விமான விபத்தில் இறந்த செய்தி வரும் காட்சியைப் பலரும் புகழ்ந்துவிட்டார்கள். பியாஃப் அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓட, கேமராவும் பின்னாலேயே போக, நடைவழி நேராக மேடையில் போய்த் திறக்கிறது. பாட்டு 'இம்ன் ஆ லாமூர்', வரிகள் பியாஃபே எழுதியவை. அந்த அலறலுக்குப் பதில் சொல்ல எந்தப் பின்னணி இசையாலும் முடியாது; பாட்டால்தான் முடியும். ஏபிசி காட்சிக்கு நேர் எதிர் முடிவு, இதுவும் சரியான முடிவு.

குறை இல்லாமலா? குழந்தைப் பருவப் பகுதிகளில் தந்தி வாத்தியங்கள் கொஞ்சம் அதிகமாகவே உருகுகின்றன. வளர்த்த பெண்ணிடமிருந்து குழந்தையைப் பிரிக்கும் காட்சியில் நடிப்பே நெஞ்சைப் பிசைகிறது, அதற்கு மேல் இசை எதற்கு? கதையும் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருப்பதால் எந்த வருடத்தில் நிற்கிறோம் என்று அடிக்கடி குழம்புகிறது. கடைசிப் பகுதியில் திடீரென்று ஒரு மகளின் நினைவு வருகிறது. அதைச் சொல்ல அவ்வளவு நேரம் காத்திருந்தது எனக்குக் கொஞ்சம் தந்திரமாகவே பட்டது.

கொத்தியாருக்கு ஆஸ்கர், ஒப்பனைக்கும் ஆஸ்கர். இரண்டிலும் தகராறு இல்லை. இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் இது, தவணை முறையில் பார்த்தால் காலக் குழப்பம் இரட்டிப்பாகும். பாட்டு வரிகளுக்கும் சப்டைட்டில் வரும் பதிப்பாகத் தேடிப் பிடியுங்கள். செல்போன் ஒலிபெருக்கியில் மட்டும் பார்க்காதீர்கள். ஏபிசி காட்சியில் குரலின் இடத்தை நிரப்பும் கனமான கீழ்ச்சுருதி எல்லாம் அதில் காணாமல் போய்விடும், ஏதோ ஒலி தடைப்பட்டுவிட்டது என்றே நினைப்பீர்கள்.