தூக்கிய பிக்கப்புக்கு எந்த ஷாக்: ட்வின் ட்யூபா, மோனோட்யூபா?

லிஃப்ட் கிட் போட்டு உயர்த்திய பிக்கப்பில் ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) ஓய்ந்துபோனால், மாற்றாக மூன்று வகைகள் முன்னால் நிற்கும்: ட்வின் ட்யூப், மோனோட்யூப், வெளியே தனி ரிசர்வாயர் (எண்ணெய்க் குப்பி) வைத்த மோனோட்யூப். விலையும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் ஏறும். சாலை மோசமா, விலை கூடியதை வாங்கிவிடு என்பது பலரின் யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. மோசமான சாலையிலேயே இரண்டு ரகம் உண்டு. பாறையும் பள்ளமுமாக ஊர்ந்து கடக்க வேண்டிய பாதை ஒன்று. வரிவரியாக அலை விழுந்த மண் சாலையில் மணிக்கணக்கில் விரட்டுவது இன்னொன்று.

வகையைப் பார்க்கும் முன் நீளத்தைப் பார்க்க வேண்டும். வண்டியை 2 அங்குலம் தூக்கினோம், ஷாக்கும் 2 அங்குலம் நீளமாக இருக்கட்டும் என்ற கணக்கு உதவாது. சேஸிஸை ஜாக்கியில் ஏற்றி, பின் ஆக்ஸிலை (இரு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) முழுக்கத் தொங்கவிட்டு, ஷாக் மாட்டும் மேல், கீழ் மவுண்ட்களுக்கு இடையே அளந்துகொள்ளுங்கள். ஷாக்கின் விரிந்த நீளம் அதைவிடக் குறைவாக இருந்தால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஆக்ஸிலின் கனம் முழுவதும் ஷாக்கில் தொங்கும். மவுண்டோ, ராடோ (பிஸ்டனின் தண்டு) ஒருநாள் பிய்த்துக்கொள்ளும். மிக நீளமாக இருந்தாலும் வம்புதான்: ஆக்ஸில், அது மேலேறுவதை நிறுத்தும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் முட்டும் முன்பே பிஸ்டன் அடித்தட்டில் இடித்துவிடும். முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (இரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு) என்றால், சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்மும் அதன் மூட்டான பால் ஜாயின்ட்டும் எவ்வளவு இறங்க விடுமோ அதுதான் எல்லை. அதற்கு மேல் நீளம் வாங்கிப் பயனில்லை.

சரி, இனி வகை. ஷாக் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை, அது ஸ்பிரிங்கின் வேலை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எண்ணெய் வழியாக வெப்பமாக்கி வெளியே தள்ளுவதுதான் ஷாக்கின் தொழில். ட்வின் ட்யூபில் உள்குழாயில் பிஸ்டன் ஓடும். வெளிக்குழாயில் மிச்ச எண்ணெயும், குறைந்த அழுத்தத்தில் வாயுவும் இருக்கும். எண்ணெய்க்கும் வாயுவுக்கும் நடுவே தடுப்பு கிடையாது. அலை விழுந்த சாலையில் விடாமல் குலுங்கினால் எண்ணெய் சூடேறி, வாயுவோடு கலந்து நுரைத்துவிடும். அப்புறம் பிஸ்டனுக்குப் பிடிப்பே இருக்காது, வண்டி மிதக்கத் தொடங்கும். வெளிக்குழாய் போர்த்தியிருப்பதால் சூடும் சட்டென்று இறங்காது.

மோனோட்யூபில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் வாயுவையும் பிரித்து வைக்கிறது. வாயுவின் அழுத்தமும் அதிகம். எண்ணெய்க்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே ஒரே சுவர் என்பதால் சூடு நேராக வெளியேறும். ஷாக் தயாரிக்கும் பில்ஸ்டைன் நிறுவனம் 1957-லேயே மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்கு இவற்றைக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அழுத்தத்துக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு: 14 மி.மீ. ராடும் 25 பார் அழுத்தமும் இருந்தால், ஒவ்வொரு ஷாக்கும் ஏறக்குறைய 39 கிலோ விசையோடு வண்டியை மேலே தள்ளும். காலி வண்டியில் பின்பக்கம் லேசாக உயர்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கல்லடி பட்டால் கதை மாறுகிறது. மோனோட்யூபின் உடலில் ஆழமாக ஒரு நசுங்கல் விழுந்தால் போதும், பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். ட்வின் ட்யூபில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். அதனால் பாறைப் பாதையில் சுமையோடு மெதுவாகப் போகிறவருக்கு ஓல்டு மேன் இமு நைட்ரோசார்ஜர் போன்ற தடித்த ட்வின் ட்யூப்தான் என் தேர்வு. அந்த வேகத்தில் எண்ணெய் கொதிக்கப் போவதில்லை.

அலைச் சாலைக்காரருக்கு மோனோட்யூப். அதிலும் சுபாவம் வேறுபடும். பில்ஸ்டைன் 5100-இன் வால்வு, பிஸ்டன் மெதுவாக நகரும்போது இறுக்கிப் பிடித்து, வேகமான அடி விழும்போது திறந்துகொடுக்கும் வகை. தூக்கிய வண்டி வளைவில் சாய்வதை அது நன்றாக அடக்கும். பதிலுக்குச் சின்னக் கற்களின் அதிர்வு இருக்கைவரை வரும். ஃபாக்ஸ் 2.0 கொஞ்சம் மென்மை, ஆனால் அதன் உடல் அலுமினியம் என்பதைக் கல்லுக்குப் பயப்படுகிறவர்கள் கவனிக்கலாம்.

ரிசர்வாயர் வைத்தவற்றில் எண்ணெய் கூடுதல். மிதக்கும் பிஸ்டன் வெளியே போய்விடுவதால் அதே நீளத்தில் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் தூரம்) கூடக் கிடைக்கும். பாலைவனத்தில் நெடுந்தூரம் பறக்கிறவருக்கு அது தேவை. மற்றவர்கள் வாங்குவது பெரும்பாலும் பார்வைக்குத்தான், கூடவே உரசித் தேய, ரிசர்வாயரை இணைக்கும் ஒரு ஹோஸும் வந்து சேர்கிறது.

ஒருநாள் காலியாகவும் மறுநாள் முழுச் சுமையோடும் ஓடும் வண்டிக்கு ரான்சோ ஆர்.எஸ்.9000எக்ஸ்.எல். பொருந்தும். இறுக்கத்தை மாற்றும் அதன் குமிழில் 9 நிலைகள் உண்டு, கையாலேயே திருகிக்கொள்ளலாம். ஒருமுறை வைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறவர் அந்தக் குமிழுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.