ஷீல்டு கடையும் ஒரு 'எஸ்' எழுத்தும்

நாகர்கோவில் மணிமேடையிலிருந்து வேப்பமூடு பக்கம் நடந்தால், ஷீல்டு, மெமெண்டோ, மெடல் எல்லாம் செய்யும் ஒரு சின்னக் கடை மாடியில் இருக்கிறது. பெயரை விட்டுவிடுகிறேன், குறையும் கொஞ்சம் சொல்லப் போவதால்.

எங்கள் பள்ளியில் 27 வருஷம் சத்துணவு சமைத்த அக்கா ஓய்வு பெற்றார். பழைய மாணவர்கள் பணம் பிரித்து ஷீல்டு கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். நான் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சர். மேட்டர் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இதில் எனக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன் வேறொரு கடையில் செய்த ஷீல்டில் 'கங்கிராஜுலேஷன்' என்று கடைசி 'எஸ்' இல்லாமல் வந்துவிட்டது. வாழ்த்தாகச் சொல்லும்போது அந்த 'எஸ்' இல்லாமல் இங்கிலீஷ்காரர் யாரும் சொல்லமாட்டார்கள். அதை ஆபீஸ் அறையில் மாட்டி வைத்தார்கள். கையெழுத்துப் போடப் போகும்போதெல்லாம் கண்ணில் குத்தும்.

அதனால் தக்கலையிலிருந்து பஸ் ஏறி வடசேரியில் இறங்கி, நேரிலேயே போய் உட்கார்ந்தேன். கவுண்டரில் லேமினேட் செய்த அட்டை ஒன்றை நீட்டினார்கள். இருபது இருபத்தைந்து இங்கிலீஷ் பாராட்டு வார்த்தைகள் வரிசையாக இருந்தன. எது வேண்டுமோ விரல் வைத்துக் காட்டலாம். யோசனை நல்ல யோசனைதான், வார்த்தைகளைத்தான் கலந்துகட்டி அடித்திருக்கிறார்கள்.

முதலில் 'ஃபெலிசிடேஷன்'. நம் ஊரில் பாராட்டு விழா என்றாலே இந்த வார்த்தைதான். இங்கிலாந்தில் இது அபூர்வம், அங்கே சொன்னால் பழைய காலத்துக் கடிதம் மாதிரி இருக்கும். நமக்கு நம் வழக்கு, அதில் தப்பில்லை. அடுத்து 'ஸ்டாண்டிங் ஒவேஷன்'. கூட்டமே எழுந்து நின்று கைதட்டுவதற்குப் பெயர் அது, பிளேட்டில் அடித்துக் கையில் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை. பழைய ரோமில் ஒவேஷன் என்பது முழு வெற்றி ஊர்வலத்துக்குத் தகுதி இல்லாத தளபதிக்குக் கொடுத்த ஒரு படி குறைந்த மரியாதை. தேர் கிடையாது, நடந்தோ குதிரையிலோ வரவேண்டும். லாரல் மாலையும் கிடையாது, மிர்ட்டில் இலை மாலைதான். 'அக்கலேட்' இன்னும் வேடிக்கை. கழுத்தைக் கட்டி அணைப்பது என்பதிலிருந்து வந்த சொல். ஐரோப்பாவில் 'நைட்' என்ற வீரப்பட்டம் கொடுக்கும்போது கட்டிப்பிடித்தார்கள், பிறகு தோளில் வாளால் தட்டினார்கள். அதற்கும் அதே பெயர். நாமும் பொன்னாடையைக் கழுத்தைச் சுற்றித்தானே போடுகிறோம்.

துபாயிலிருந்து பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் 'கூடோஸ்' போடச் சொல்லியிருந்தான். சரி, எப்படி வருகிறது பார்ப்போம் என்று கம்ப்யூட்டரில் இருந்த தம்பியிடம் சொன்னேன். கோரல்டிராவில் அடித்தவர் கடைசி 'எஸ்'ஸை அழித்துவிட்டு, "ஒரு ஆளுக்குத்தானே டீச்சர், எஸ் எதுக்கு?" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தம்பியின் கணக்கு சரிதான், வார்த்தைதான் ஏமாற்றுகிறது. அது கிரேக்கச் சொல், புகழ் என்று அர்த்தம். அந்த 'எஸ்' பன்மை இல்லை, வார்த்தையோடு பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பல்கலைக்கழகப் பையன்கள் விளையாட்டாகப் பேசிப் பரப்பியது. தம்பி செய்ததை அமெரிக்கர்களும் செய்து, 'கூடோ' என்று ஒருமையாக்கி, அங்குள்ள அகராதியிலும் ஏற்றிவிட்டார்கள். பட்டாணிக்கு 'பீ' என்று சொல்கிறோமே, அதுவும் இப்படித்தான். ஆதியில் 'பீஸ்'. பன்மை என்று நினைத்து வாலை வெட்டினார்கள். இதையெல்லாம் சொல்ல, தம்பி மவுஸை விட்டுவிட்டுக் கேட்டார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள், ஒருவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே. இந்தப் பொறுமைக்காகவே ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம்.

'கூடோஸ்' கடைசியில் வேண்டாம் என்றேன். ஆபீஸ் மெயிலில் சக ஊழியருக்குப் போடலாம். 27 வருஷம் அடுப்புப் புகையில் நின்றவருக்கு அது தோளில் தட்டிவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். 'இன் கிரேட்ஃபுல் அப்ரீசியேஷன்', அதாவது நன்றியோடு பாராட்டி, என்று சின்ன எழுத்தில் கீழே போட்டோம். அப்ரீசியேஷன், புகழ்ச்சி என்னும் பிரெய்ஸ், விலை என்னும் பிரைஸ் மூன்றுக்கும் லத்தீனில் ஒரே வேர், விலை என்று பொருள். மேலே பெரிய எழுத்தில் தமிழில், பிள்ளைகள் சொன்ன வரி: 'சோறு போட்ட கைக்கு'.

விலை என்றதும் நினைவு வருகிறது, மர ஷீல்டு 900 ரூபாய் ஆயிற்று. அக்ரிலிக் 650-க்கே கிடைக்கும், ஆனால் மேடையில் லைட் பட்டால் எழுத்தே தெரியாது. அச்சடிக்கும் முன் புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இரண்டு முறை திருத்தினேன், காசு கேட்கவில்லை. குறை என்றால் பசை. விழா அன்று காலையில் பெட்டியைத் திறந்தால் பிளேட்டின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. பெட்டிக்குத் தனியாக 60 ரூபாய் வாங்கிவிட்டு இப்படியா? போன் செய்தேன், கொண்டு வந்தால் ஒட்டித் தருகிறோம் என்றார்கள். தக்கலையிலிருந்து அதற்காக யார் போவார்? ஃபெவிகுவிக் வாங்கி நானே ஒட்டினேன்.

அக்கா ஷீல்டை வாங்கி, தமிழ் வரியை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "கொள்ளாம் டீச்சர்" என்றார். நன்றாக இருக்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்துப் பேச்சு அது. கீழே இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்தக் கடைக்குப் போகிறவர்கள் மேட்டரைத் தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள், அட்டையை நம்பாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூட்டம் அதிகம். படி செங்குத்து, முட்டி வலிக்காரர்கள் கீழே நின்று போன் செய்தால் தம்பியே இறங்கி வருவார்.