பிள்ளைக்குக் கிளிப் போட 'பேக்கேஜ்' எடுக்கும் முன்

கோவையில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு பல் மருத்துவமனையில், பதினோரு வயது மகளின் தெத்துப்பல்லுக்காக ஒன்றரை லட்ச ரூபாய்க்கு அலைனர் எடுத்தோம். கம்பிக்குப் பதிலாகப் பல்லின் மேல் கழற்றி மாட்டும், கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை அது. பல் வரிசைக்கு வரவில்லை. முன்பற்கள் வெளியே தள்ளிக்கொண்டு, உதட்டை மூடவே அவள் சிரமப்படும் நிலைக்கு வந்துவிட்டது. பணமும் திரும்பவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்த மாதிரி இடங்களுக்குப் போகிறவர்கள் ஒரு தடவை இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அங்கே எங்களிடம் முதலில் பேசியது டாக்டர் இல்லை, 'கவுன்சிலர்' என்று ஒரு பெண். மேஜையில் லேமினேட் செய்த விலை அட்டை: மெட்டல் 40,000, செராமிக் 60,000, செல்ஃப் லைகேட்டிங் 80,000, அலைனர் 1,50,000. ஹோட்டல் மெனு கார்டு மாதிரி. மகளின் வாயை ஸ்கேன் செய்து, கோணலான பற்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரிசையில் நிற்பதைத் திரையில் ஓட்டிக் காட்டினார். "பல்லே பிடுங்க வேண்டாம் மேடம், பாப்பாவுக்கு வலிக்காது, ஸ்கூல்ல யாருக்கும் தெரியாது." எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா என்று கேட்டதற்கு, "ஸ்கேனே போதும்" என்றார். இ.எம்.ஐ. போட்டுத்தர ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஸ்கேன் வெளியே தெரியும் பல்லை மட்டும்தான் பிடிக்கும். ஈறுக்குள் இருக்கும் வேர், இன்னும் முளைக்காத பல், தாடை எலும்பு எதுவும் அதில் வராது. இந்த வயதில் மேல் கோரைப்பல் பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் இறங்கிக்கொண்டிருக்கும். அது எங்கே, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்க, முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே வேண்டும். தாடையும் முன்பல்லும் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று அளக்கப் பக்கவாட்டில் எடுக்கும் செஃபலோகிராம் எக்ஸ்ரே வேண்டும். கிளிப்போ அலைனரோ, இடநெருக்கடிக்குத் திட்டம் போடுவதே இவற்றை வைத்துத்தான். எங்களுக்கு இரண்டுமே எடுக்கவில்லை.

அப்புறம் நடந்தது எல்லாம் அதன் தொடர்ச்சி. போகும்போதெல்லாம் வேறு வேறு டாக்டர். அலைனர் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டிய சிறு மேடுகள் உதிர்ந்தால், "அடுத்த தடவை பார்க்கலாம்". கோரைப்பல் பக்கத்தில் அலைனருக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது. பல் திட்டப்படி நகரவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். காட்டினால், "பாப்பா ஒழுங்கா போடறதில்ல" என்று பழியை அவள் தலையில் கட்டினார்கள். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் அலைனர் வாயில் இருக்க வேண்டும். டிபன் நேரத்தில் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி வைத்து, அது குப்பையோடு போய்விட்ட கதையும் உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? பணம் வாங்கும் முன் இதை யாரும் சொல்லவில்லை.

கடைசியில் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். மேற்படிப்பு முடித்த ஒரு டாக்டரிடம் போனோம். இரண்டு எக்ஸ்ரேயும் எடுத்து, பற்களின் அகலத்தையும் தாடையில் இருக்கும் இடத்தையும் அளந்து பார்த்தார். மேல்தாடையிலேயே 9 மில்லிமீட்டர் இடம் குறைவு. பல் எடுக்காமல் அத்தனையையும் வரிசையாக்கப் பார்த்ததில், முன்பற்கள் வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டன. எல்லாப் பிள்ளைக்கும் பல் எடுக்க வேண்டும் என்றில்லை, சிலருக்குத் தாடையை விரித்தே இடம் கிடைத்துவிடும் என்றார். ஆனால் அதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வகைகளைப் பற்றி அவர் சொன்னது அந்த அட்டைக்கு நேர் எதிராக இருந்தது. மெட்டல்தான் உறுதியானது, நெருக்கமான பற்களுக்கு இன்றும் முழுக்க நம்பக்கூடியது. செராமிக் வேலை செய்யும் விதமும் அதேதான். வெளியே அவ்வளவாகத் தெரியாது என்பதற்குத்தான் கூடுதல் காசு. ஆனால் சீக்கிரம் உடையும், சாம்பார் மஞ்சளில் அதன் ரப்பர் வளையம் நிறம் மாறும். செல்ஃப் லைகேட்டிங்கில் ரப்பருக்குப் பதிலாகச் சின்னக் கதவு ஒன்று கம்பியைப் பிடித்திருக்கும். அதனால் மாதக் கணக்கில் சீக்கிரம் முடியும் என்பதை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அலைனர் மோசமில்லை. லேசான நெருக்கத்துக்கு, சொன்னபடி போடும் பிள்ளைக்கு, தெரிந்தவர் திட்டம் போட்டால் சரியாக வரும். கோரைப்பல்லைத் திருப்பி இறக்குவது அதற்குக் கஷ்டமான வேலை. எங்களுக்குத் தேவைப்பட்டதே அதுதான்.

பல் மருத்துவப் பட்டப்படிப்பான பி.டி.எஸ். முடித்த யாரும் சட்டப்படி கிளிப் போடலாம். எம்.டி.எஸ். என்பது அதற்கு மேல் மூன்று வருடப் படிப்பு. அதனால் போர்டில் இருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள். மாதாமாதம் கம்பியை மாற்றப்போவது யார், அவர் என்ன படித்தார், தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். இதைக் கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடலாம்.

பணம் கேட்டபோது, "லேபுக்கு அனுப்பியாச்சு, ஃபார்மில் கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார்கள். கடன் ஃபைனான்ஸ் கம்பெனியோடு, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்கள். தவணையை நிறுத்தினால் நம் சிபில் மதிப்பெண்தான் அடிவாங்கும், அதனால் கட்டிக்கொண்டிருக்கிறோம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கொடுத்த பணத்துக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பேசினேன், பிறகு ஆணையத்தில் மனு போட்டேன். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அந்த விலை அட்டையை எடுத்த போட்டோ மூன்றும் இப்போது கைகொடுக்கின்றன.

மகளுக்கு நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்து மெட்டல் கிளிப் போட்டாயிற்று. ரப்பர் வளையத்துக்கு மாதாமாதம் அவளே கலர் தேர்ந்தெடுக்கிறாள். யாருக்கும் தெரியக் கூடாது என்ற கவலை அந்தக் கவுன்சிலருக்குத்தான் இருந்திருக்கிறது, இவளுக்கு இல்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. உத்தரவு வந்ததும் எழுதுகிறேன்.