பக்கவாத வார்டு செவிலியருக்கு எது: இணைய வகுப்பா, படுக்கையருகே பயிற்சியா?

பக்கவாதத்தின் தீவிரத்தை அளக்கும் என்ஐஎச்எஸ்எஸ் மதிப்பெண் (0 முதல் 42 வரை) போடக் கற்க இணைய வகுப்பே தோது. ஒரே நோயாளியின் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். இரவுப் பணியில் இருப்பவரும் விடுபடமாட்டார், செலவும் குறைவு.

விழுங்கும் சோதனை அப்படியல்ல. நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்து, தொண்டை மேலெழுகிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ அத்தோடு நிறுத்த வேண்டும். அந்தக் குரல் நேரில் கேட்டால்தான் பிடிபடும். "ஒரு வாய் காபிதானே சிஸ்டர்" என்று உறவினர் கெஞ்சும்போது மறுக்கவும் பழக வேண்டும். இதில் தவறினால் தண்ணீரோ உணவோ நுரையீரலுக்குள் போய் நிமோனியா, ஐசியூ, சில நேரம் வென்டிலேட்டர் என்று பில் ஏறிக்கொண்டே போகும். ஒரு செவிலியரைப் பயிற்சிக்கு அரைநாள் விடுவிக்கும் செலவு அதன் முன் அற்பம். கையில் பணம் ஒன்றுக்குத்தான் என்றால் இதற்கே ஒதுக்க வேண்டும்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தான அல்டிப்ளேஸுக்கு இரண்டு பயிற்சியும் தேவை. உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மி.கி., உச்சம் 90 மி.கி. பத்தில் ஒரு பங்கு 1 நிமிடத்தில், மீதி 60 நிமிடத்தில்: இந்தக் கணக்கு திரையிலேயே மனதில் பதியும். பாட்டில் காலியானதும் குழாயில் மருந்து தங்கி நிற்பதும், அதே வேகத்தில் சலைன் விட்டு அதை உள்ளே செலுத்துவதும் கைப்பழக்கம்.