தீபாவளி முதல் தைப்பூசம் வரை: சந்தை மேசையா, கடை அலமாரியா, முன்பதிவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டிலிருந்தே கைவினைப் பொருள் செய்து விற்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் இடையிலேயே வந்து சேர வேண்டும். நடுவில் கிறிஸ்துமஸும், ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து கடற்கரைக்கு வரும் விடுமுறைக் கூட்டமும் உண்டு. இந்தப் பருவத்தில் சரக்கை எந்த வழியில் விற்பது என்பதற்கு மூன்று விடைகள் இருக்கின்றன: வார இறுதிச் சந்தையில் மேசை போடுவது, பரிசுப்பொருள் கடையில் கன்சைன்மென்ட் முறையில் (சரக்கை வைத்துவிட்டு, விற்றதற்கு மட்டும் பிறகு பணம் வாங்குவது) வைப்பது, வாட்ஸ்அப்பில் முன்பதிவு வாங்கித் தைத்துக் கொடுப்பது. நாங்கள் மூன்றையும் செய்து பார்த்து, முன்பதிவைப் பிரதானமாக வைத்துக்கொண்டோம். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் சரக்கு என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் முடிவு அதைப் பொறுத்தது. நானும் என் நாத்தனாரும் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் துணித் தோரணம், பரிசுப் பை, மேசை விரிப்பு ஆகியவற்றைத் தைக்கிறோம். துணி இந்நாட்டில் பெயர்பெற்ற, பூவேலை அச்சிட்ட பருத்தித் துணியான ஷ்வேஷ்வே. ஓரத்துக்குப் பழைய பட்டுப் புடவைகளின் சரிகைக் கரை. ஷ்வேஷ்வே 90 சென்டிமீட்டர் அகலத்தில், கஞ்சி போட்டு விறைப்பாக வரும். அலசினால்தான் மிருதுவாகும், கூடவே சற்றுச் சுருங்கவும் செய்யும். அதனால் வாங்கிய அன்றே வெட்ட முடியாது. அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டபின்பே கத்தரி எடுக்க வேண்டும். டர்பனின் மழைக்காலமும் இதே மாதங்களில் வருவதால் காயவைப்பதற்கே கூடுதலாக நாள் ஒதுக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவையும் சொல்லக் காரணம், துணிக்கான பணம் விற்பனைக்குப் பல வாரங்களுக்கு முன்பே கையில் இருந்தாக வேண்டும் என்பதுதான்.

சந்தையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. பெரியா பகுதியின் எசன்வுட் சனிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் மேசை வாடகை கொடுத்து உட்கார்ந்தால் பணம் அன்றே வரும். அட்டை இயந்திரத்துக்கு ஏறக்குறைய 3 விழுக்காடு போய்விடும். மழை பெய்தால் கூட்டம் வராது, வாடகை மட்டும் போகும். வாடிக்கையாளர் துணியைத் தொட்டுப் பார்ப்பதும், எந்த நிறத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எதை வாங்குகிறார் என்று நமக்குத் தெரிவதும் சந்தையின் பெரிய இலாபம். நட்டம், தையல் இயந்திரத்தின் முன் இருக்க வேண்டிய ஒரு முழு நாள் அங்கே கழிவது. கையால் செய்யும் தொழிலில் முதலீடு என்பது உண்மையில் இரண்டு சோடிக் கைகள்தான். டிசம்பரில் ஒரு சனிக்கிழமையை இழப்பது ஏப்ரலில் இழப்பதைப் போன்றதன்று. தென்னாப்பிரிக்க இந்து மகா சபை நடத்தும் டர்பன் தீபாவளித் திருவிழா போன்ற பெருவிழாக்களில் கடை போடுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அங்கே வாங்குபவளாகப் போயிருக்கிறேனே தவிர விற்பவளாகப் போனதில்லை.

கடை அலமாரி முதல் பார்வைக்கு மிகவும் கவர்ச்சியானது. கடற்கரை ஊர்களான உம்லாங்காவிலும் பாலிட்டோவிலும் விடுமுறைக்கு வருபவர்கள் நம் வீட்டுத் தெருவுக்கு வரப் போவதில்லை. அவர்கள் நுழையும் கடையில் நம் சரக்கு தொங்க வேண்டும். நாம் உட்கார வேண்டாம், வாடகை வேண்டாம், விற்றால் மட்டும் கடைக்காரருக்குப் பங்கு. நான் பேசிப் பார்த்த கடைகள் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் 40 விழுக்காடு வரை கேட்டன. பலர் அந்த எண்ணைக் கேட்டே பின்வாங்குகிறார்கள். என் கருத்தில் 40 விழுக்காடு அநியாயமன்று. கடை வாடகை, விற்பனையாளர் சம்பளம், மின்சாரம் எல்லாம் அதற்குள் அடங்குகின்றன. சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது: பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதில்.

கன்சைன்மென்ட் கணக்கு வழக்கமாக மாத இறுதியில் எடுக்கப்பட்டு, அடுத்த மாத இறுதியில் செலுத்தப்படும். சாதாரண மாதங்களில் இது பெரிய தொல்லையாக இராது. பண்டிகைக் காலத்தில் மட்டும் நாட்காட்டி நமக்கு எதிராக வேலை செய்கிறது. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20 அன்று வந்தது. அந்தத் தீபாவளிக்கு விற்ற அத்தனையும் அக்டோபர் கணக்கில் சேரும், பணம் நவம்பர் இறுதியில் வரும். கிறிஸ்துமஸ் சரக்குக்கான துணியையோ நவம்பர் தொடக்கத்திலேயே வாங்கி அலசியிருக்க வேண்டும். அதாவது பாதித் தையல் முடிந்த பிறகுதான் தீபாவளிப் பணத்தைக் கண்ணால் பார்க்க முடியும். 2026-இல் நிலைமை இன்னும் மோசம். தீபாவளி நவம்பர் 8. தோரணம் மிகுதியாக விற்பது பண்டிகைக்கு முந்தைய அந்த ஒரு வாரத்தில்தான். அந்த வாரத்து விற்பனை நவம்பர் கணக்கில் விழுவதால் அதற்கான பணம் டிசம்பர் இறுதியில், கிறிஸ்துமஸும் முடிந்த பிறகே வரும். தீபாவளி சில நாட்கள் தள்ளி மாத எல்லையைத் தாண்டினாலே, நம் பணம் முழுதாக ஒரு மாதம் தள்ளிப்போகிறது. கடைக்காரர் நேர்மையானவராகவும் காலம் தவறாதவராகவும் இருக்கும்போதே கணக்கு இப்படி. நாங்கள் சரக்கு வைத்த ஒரு கடையில் விடுமுறை நெரிசலைக் காரணம் காட்டிக் கணக்கெடுப்பையே ஜனவரிக்குத் தள்ளிவிட்டார்கள். எத்தனை விற்றது, எத்தனை மீந்தது என்பது பொங்கல் கழிந்த பிறகே தெரிந்தது.

அந்தத் தகவல் தாமதமும் பண இழப்புக்குச் சமம். அலமாரியில் எத்தனை தோரணம் மீந்திருக்கிறது என்று தெரியாதவரை அடுத்துத் தைக்க வேண்டியது எதுவென்று தீர்மானிக்க முடியாது. மாவிலை வடிவத் தோரணம் தீபாவளிக்கு விற்காவிட்டால் பொங்கலுக்கு விற்கும். கோவில்களில் காவடி நடக்கும் தைப்பூசத்துக்கும் விற்கும். 2027-இல் அது ஜனவரி 22 அன்று வருகிறது. ஆனால் சரக்கு நம் கையில் இருந்தால்தானே விற்கும். இந்தக் காரணத்துக்காகவே துணியில் பண்டிகைப் பெயரையோ ஆண்டையோ தைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். பெயர் தைத்த தோரணம் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் நன்றாக விற்கும், பிறகு பதினொரு மாதம் பெட்டியில் கிடக்கும். டர்பன் ஈரத்தில் பெட்டிக்குள் கிடக்கும் பருத்தித் துணிக்கு என்ன நேரும் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது முன்பதிவு. புரியும்படி ஒரு கணக்குப் போடுகிறேன். எண்கள் வசதிக்காக முழுமையாக்கப்பட்டவை. ஒரு தோரணத்துக்குத் துணி, சரிகை, நூல் எல்லாம் சேர்த்து 60 ரேண்டு, விற்பனை விலை 200 ரேண்டு என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 50 தோரணம் தைத்துக் கொடுத்தால் 3,000 ரேண்டு நம் கைப்பணம் முடங்குகிறது. நாற்பது விற்றாலும், கடையின் 40 விழுக்காடு போக 4,800 ரேண்டு வரும்; ஆனால் மேலே சொன்ன தேதியில் வரும். முன்பதிவில் பாதி விலையை டெபாசிட்டாக வாங்கினால், முப்பது பேர் சொன்ன அன்றே அதே 3,000 ரேண்டு கையில் இருக்கிறது. அந்த முப்பதுக்கான துணிக்கு 1,800 ரேண்டு போக மீதி 1,200 ரேண்டில் இன்னும் இருபது தோரணத்துக்குத் துணி வாங்கலாம். நம் சேமிப்பைத் தொடாமலே ஐம்பது தைக்கத் துணி வந்துவிடுகிறது; அதில் முப்பதுக்கு உரியவர் யாரென்றும் தெரியும். மீதிப் பாதி, பொருளை ஒப்படைக்கும் அன்றே வரும். தீபாவளிக்கு முந்தைய நாள் கணக்கு முடிந்து, மறு திங்கட்கிழமையே முன்பு கிரே தெரு என்றிருந்த டாக்டர் யூசுப் தாதூ தெருவுக்குப் போய்க் கிறிஸ்துமஸ் துணி வாங்க முடிகிறது. பல துணிக்கடைகளுக்குச் சரக்கு கொடுப்பவர்கள் டிசம்பர் நடுவில் மூடி ஜனவரியில்தான் திறப்பார்கள் என்பதால், தைப்பூசத்துக்கு வேண்டிய மஞ்சள் துணியையும் அப்போதே சேர்த்து வாங்கிவிடலாம்.

டெபாசிட் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பதுதான் பலர் இந்த வழிக்கு வராததற்குக் காரணம். எங்கள் சமூகத்தில் வாங்குபவர் பாதிப்பேர் உறவு, மீதிப்பேர் கோவில் பழக்கம். “எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள் அக்கா” என்று சொல்பவரிடம் முன்பணம் கேட்பது முகத்தில் அடித்தாற்போல் தோன்றலாம். ஆனால் “எடுத்து வையுங்கள்” என்ற சொல்லை நம்பித் தைத்த தோரணம் எல்லாம் விற்றுவிடுவதில்லை. எல்லோருக்கும் ஒரே விதி, மாமியார் வீட்டுக்கும் அதே விதி என்று வைத்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வருவதில்லை. செலுத்துவதும் இப்போது எளிது. 2023 மார்ச்சில் வங்கிகள் தொடங்கிய பேஷாப் மூலம் ஃபோன் எண்ணுக்கே பணம் அனுப்பலாம், உடனே வந்துவிடும். செலுத்தியதற்கான ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்துப் பொருளைக் கொடுக்க வேண்டாம். பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்தபின் கொடுங்கள். போலிப் படம் காட்டி ஏமாற்றுவது இங்கே சகஜமாகிவிட்டது.

சட்டமும் இதில் சற்றுத் தொடர்புடையது. 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின்படி இணையவழி வாங்கியவர் பொருள் கிடைத்த ஏழு நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். வாடிக்கையாளர் சொன்னபடி அவருக்கென்றே செய்த பொருளுக்கு அந்த உரிமை பொருந்தாது. வாட்ஸ்அப்பில் பேசி முடித்த விற்பனையும் இதற்குள் வரும் என்றே எடுத்துக்கொண்டு நாங்கள் நடக்கிறோம். வாடிக்கையாளர் நிறமும் அளவும் சொல்லித் தைத்த தோரணம் ஒரு வகை. நாமே தைத்து வைத்துப் படம் போட்டு விற்ற தோரணம் வேறு வகை. பின்னதைத் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே சட்டம், வேறு ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால் 30 நாட்களுக்குள் பொருளை ஒப்படைக்கவும் சொல்கிறது. ஆகவே செப்டம்பரில் பதிவு வாங்கி நவம்பரில் கொடுப்பவர்கள், கொடுக்கும் தேதியை முதல் செய்தியிலேயே எழுதி, வாடிக்கையாளர் அதற்குச் “சரி” என்று பதில் அனுப்பும்படி செய்துகொள்வது நல்லது.

முன்பதிவின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. பதிவை நிறுத்தும் நாளைக் கறாராகப் பிடிக்க வேண்டும். அந்த நாளுக்குப் பின் வரும் ஒவ்வொரு “இல்லை”யும் ஒரு சிறு சங்கடம். வெளியூர்களான லெனேசியாவிலும் லாடியத்திலும் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்ப நாங்கள் பெப் என்ற கடைத்தொடரின் கிளைகளுக்கு இடையே போகும் பாக்சி பொதிச் சேவையைப் பயன்படுத்துகிறோம். தூரம் எதுவானாலும் ஒரே கட்டணம் என்பது வசதி. ஆனால் மலிவான வகைக்கு ஏழு முதல் ஒன்பது வேலை நாட்கள் ஆகும், நவம்பர் கடைசியில் வரும் தள்ளுபடி நாளான கருப்பு வெள்ளிக்குப் பின் அதற்கு மேலும் இழுக்கலாம். எனவே வெளியூர்ப் பதிவை நவம்பர் இறுதியோடு மூடிவிடுவதே பாதுகாப்பு. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நம்மை அறியாதவர் முன்பணம் தர மாட்டார் என்பது. எங்கள் முன்பதிவுப் பட்டியலில் இருக்கும் பெயர்களில் பல, முன்பு சந்தை மேசையில் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எண்ணைக் கொடுத்துப் போனவர்களுடையவை. ஆகவே புதிதாகத் தொடங்குபவர் ஓராண்டாவது சந்தையில் உட்காரத்தான் வேண்டும். நாங்களும் ஆகஸ்ட், செப்டம்பரில், தையல் வேலை குறைவாக இருக்கும்போது மேசை போடுகிறோம். தீபாவளி நெருங்கிய பிறகு போவதில்லை.

மெழுகுவத்தி, சோப்பு, ஊறுகாய் செய்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல முடியாது. அவற்றில் ஒருவர் ஒன்று வாங்கிப் பிடித்துப்போய் அதே மாதத்தில் மறுபடி வாங்குகிறார். தோரணம் அப்படி இல்லை. டேக்கலாட் போன்ற பெரிய இணையக் கடைகளில் நாங்கள் விற்றதும் இல்லை.

கடை அலமாரியை முற்றிலும் கைவிட்டுவிட்டோம் என்றும் கொள்ள வேண்டாம். கன்சைன்மென்ட்டுக்குப் பதிலாக, பாதி விலைக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ளும் கடை கிடைத்தால் நாங்கள் உடனே கொடுத்துவிடுகிறோம். 200 ரேண்டுத் தோரணத்துக்கு நவம்பர் முதல் வாரத்தில் வரும் 100 ரேண்டு, டிசம்பர் இறுதியில் வரக்கூடிய 120 ரேண்டைவிட எங்களுக்கு மேல். விற்காமல் போனால் என்ன என்ற கவலையும் கடைக்காரருடையதாகிவிடுகிறது. இப்படிக் கேட்டால் பெரும்பாலான கடைகள் மறுத்துவிடும். முதல் முறை பத்து மட்டும் வாங்கிப் பாருங்கள் என்று கேட்டால் சில ஒப்புக்கொள்ளும். கேட்பதற்கு ஏற்ற மாதம் செப்டம்பர்.